ஆறாம் நம்பர் மலை மண்

மண் காயவில்லை. அதுதான் அவன் கண்ணில் பட்ட முதல் கோளாறு. அடுப்புக்கு நேர் மேலே, புகை போய் முட்டுகிற உத்திரக்கட்டையில், மஞ்சள் துணியில் முடிந்து தொங்கவிட்ட ஒரு பிடி மண். கீழே விடிய விடியத் தணல் கிடந்தது. ஈர விறகை அங்கே செருகிவைத்தால் மறுநாள் சடசடவென்று எரியும். துவைத்த சாரத்தைப் போட்டால் பொழுதுக்குள் மொடமொடவென்று ஆகிவிடும். இந்த மண் மட்டும் காயமாட்டேன் என்று அடம் பிடித்தது. வீரய்யா எக்கித் தொட்டுப் பார்த்தான். துணி சில்லிட்டு நனைந்திருந்தது. சாரத்தில் நன்றாகத் துடைத்த பிறகும் விரல் நுனியிலிருந்து அந்தக் குளிர் போகவில்லை.

ஐப்பசி மழை, ஒழுகுகிற தகரம், ஆற்றுக் காற்று, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனுசன் தனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கு என்ன குறைச்சல்?

அது அவன் பெண்சாதி ஜெயலெட்சுமியின் குழிமேட்டு மண். பஞ்ச வருசத்தில் செத்தாள். தோட்டத்தில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கண்ட கீரையையும் அவித்துத் தின்று வயிறு ஊதி, முப்பது வயதைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. போகிற அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சோறு கேட்கவில்லை, தண்ணி கேட்கவில்லை. "என்னைய இங்கன தனியா விட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள். போகமாட்டேன் என்று கையடித்துச் சொன்னான். அவனுக்கு எங்கே தெரியும்? கொழும்பிலும் டில்லியிலும் உட்கார்ந்துகொண்டு, மலையில் இருக்கிறவர்களைப் பலாச்சுளை மாதிரி உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்தவர்கள் அவனிடமா கேட்டார்கள்? அவனுக்கு இந்தியா விழுந்தது. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அவன் கொழுந்தியா பாக்கியலெட்சுமிக்கும் அவள் புருசனுக்கும் இலங்கை விழுந்தது. வெள்ளிக்கிழமை பதுளையில் கோச்சி, கப்பலுக்குக் கொண்டுபோகிற ரயில். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுகிற அழுகையைப் பார்த்து ஒப்பாரிக் கோச்சி என்று மலையே அதற்குப் பெயர் வைத்திருந்தது.

போகட்டும், லெச்சுமியையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். வழி அவனுக்குத் தெரியும். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் மாரியம்மன் கோயிலை இடம் மாற்றியபோது பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துச் சுமந்தவனே அவன்தான். மஞ்சள் துணி விரித்து, பிடி மண் அள்ளி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிந்துகொண்டால், அந்த இடத்தில் இருக்கிறது எதுவோ அது கூடவே வந்துவிடும். போய்ச் சேருகிற வரைக்கும் தரையில் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாமியை இந்த மலைக்குக் கொண்டுவந்ததே அப்படித்தான். சாமி வரும் என்றால் பெண்சாதி வரமாட்டாளா என்று அவன் கணக்குப் போட்டான்.

சாமிக்குச் செய்கிறதைப் பிணத்துக்குச் செய்யலாமா என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாராவது தடுத்துவிடுவார்களோ என்ற பயம். விடியற்காலையில் தனியாகப் போய், அவள் குழிமேட்டில் அள்ளி, கோயிலில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னான். "இந்த மண்ணுல குடியிருக்கிறது ஒண்ணு விடாம எழுந்து எங்கூட வரட்டும். ஊருக்குப் போவோம்." கோயிலில் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அம்மனுக்குப் பின்னால் காவல் தெய்வங்கள் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்று விட்டுப்போகும். குழிமேட்டில் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை. அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது, அவ்வளவுதான்.

மண் காயாததைக் கண்ட அன்றைக்கு அந்தியில் துணியை மோந்து பார்த்தான். லெச்சுமியிடம் எப்போதும் நல்லெண்ணெயும் தேயிலைக் கொழுந்துச் சாறும் கலந்த ஒரு வாசம் இருக்கும். அதைத் தேடித்தான் மூக்கை வைத்தான். துணியிலிருந்து வந்தது சுண்ணாம்பு நெடி. வெள்ளையடித்த சுவரின் நெடி இல்லை. மண்ணுக்குள் பல காலம் கிடந்து புளித்த சுண்ணாம்பு, அதற்கும் அடியில் வயிற்றுப்போக்குக் கண்டவனின் பாயிலிருந்து எழுமே, அந்த வாடை. சட்டென்று முகத்தை எடுத்துக்கொண்டான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தேயிலைக்குள்ளிருந்து பனி இறங்கி லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா ஒவ்வொன்றின் வாசலிலும் எட்டிப்பார்த்தபடி நகர்ந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், தூரத்தில் ஆற்றின் இரைச்சல், யார் வீட்டிலோ உரல் இடிக்கிற ஓசை, எல்லாம் தினமும் கேட்கிறவைதான். அவற்றுக்கு நடுவே வாசல் திண்ணையான இஸ்தோப்பில் யாரோ காலைத் தரையில் தேய்த்துச் சேறு துடைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, அவசரமில்லாமல், வீட்டுக்கு வந்துவிட்ட ஆள் துடைக்கிற மாதிரி. வீரய்யாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தான்.

"லெச்சுமியா?" என்றான்.

பதிலுக்கு ஒரு இருமல் வந்தது. ஆம்பிளை இருமல்.

கதவைத் திறந்தான். ஒருவரும் இல்லை. சிமிந்தித் தரையில் ஈர மண் அப்பியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரன் வந்துபோயிருப்பான் என்று கதவைச் சாத்தினான். அந்தக் காம்பராக்காரன் போன மாதமே இந்தியா போய்விட்டான் என்பது அடுப்பை ஊதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சோறாக்கி, அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, ஒரு தட்டில் போட்டு மூட்டைக்கு நேர் கீழே படைத்தான். பஞ்சத்தில் செத்தவள், வந்ததும் வயிறு நிறையட்டும் என்ற ஆசை. விறகு பொறுக்கிவிட்டு வந்து பார்த்தால் தட்டு காலி. ஒரு பருக்கை இல்லை. சந்தோசத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "தின்னியா தாயி, தின்னியா" என்று தட்டைக் கையில் எடுத்தான்.

தட்டில் சேறு. சேற்றில் விரல் தடங்கள். பெரிய விரல், தடித்த விரல், நகமில்லாத விரல், நண்டுக்கால் போல மெலிந்த விரல். ஒன்றின்மேல் ஒன்றாக வழித்திருந்தார்கள். ஒரு கை வழித்த தட்டு இல்லை அது.

தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பாக்கியத்தின் வீட்டுக்கு ஓடினான். அவள் கொழுந்துக்குப் போய்வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் அதே மூக்கு, அதே நெற்றி. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் உப்புச் சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"மண்ணு எங்கன எடுத்தீங்க மச்சான்?"

"எங்கன எடுப்பாங்க? அக்கா தலமாட்டுல. கல்லு நட்டிருக்கேன்ல."

பாக்கியம் காலில் சுருண்ட அட்டையைத் தட்டிவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அது நாம கொட்டுன மண்ணு மச்சான். அக்கா போன மார்கழியே ஆத்தோட போயிருச்சு."

அவனுக்குத் தெரியாதா அது? ஊருக்கே தெரியும். ஆற்றங்கரையில் முன்பு மணல்கரை ஒன்று இருந்தது. அரை ஆள் ஆழத்துக்கு வெள்ளை மணல். சாவு வீட்டுக்காரர்கள் முழுகுவதும், கருமாதி செய்வதும், திருவிழாவுக்குக் கரகம் சோடித்துப் பாலிப்பதும் அங்கேதான். அதற்குப் பின்னால் மேட்டில் மயானம். டவுனில் கட்டடம் எழும்ப எழும்ப லொறிகள் வந்து மணலை அள்ளின. கேட்கப்போனவர்களிடம் லொறிக்காரன் மேலிடத்து அனுமதி என்று துண்டுச் சீட்டைக் காட்டினான். மணல் போன பிறகு ஆற்றுக்கு என்ன தடை? கரையைக் கடித்தது. மார்கழி வெள்ளத்தில் ஒரே இரவில் மயானத்தில் பாதி சரிந்தது. லெச்சுமியின் குழி அந்தப் பாதியில் இருந்தது.

அதன் பிறகு கீழ்க்கணக்கு ஜனம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறங்கி வேலை செய்தது. தோட்டத்துத் தொரையிடம் டிராக்டர் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பெட்டிசன் போட்டார்கள், பதில் இல்லை. சரி, நம் கரையை நாமே கட்டுவோம் என்று மூங்கில் வெட்டி முளையடித்து, வெறும் உரச்சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கி, மேலே மண்ணைப் பிடித்து நிறுத்துகிற மானாப்புல் நட்டார்கள். மணல் இல்லாத ஆற்றுக்கு மலை மண்ணைக் கொண்டுபோய்க் கரை கட்டினார்கள். இந்தியாவுக்குப் பேர் விழுந்தவர்கள்கூட, இன்னும் இரண்டு மாதத்தில் ஓடப்போகிறவர்கள்கூட, சாக்குச் சுமந்தார்கள். செத்தவர்களை இங்கே விட்டுவிட்டுத்தானே போகிறார்கள், அவர்களுக்காவது ஒரு கரை இருக்கட்டும் என்ற எண்ணம். மண் வேண்டும், எங்கே வெட்டலாம் என்று வந்தபோது, கைவிட்டுக் கிடந்த ஆறாம் நம்பர் மலையைக் காட்டியவன் வீரய்யா. மண்வெட்டி வைத்தாலே பொலபொலவென்று வருகிற கறுத்த மண். வெட்டும்போது கண்ணாடி வளையல் துண்டு வந்தது. வெள்ளைக் கட்டியாகச் சுண்ணாம்பு வந்தது. குச்சி மாதிரி, குச்சி இல்லாத ஏதோ வந்தது. வெட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், பேசாமல் அள்ளு என்றான் அவன். கரை எழும்பியதும் ஒரு கல்லைத் தூக்கிவந்து, இந்த இடம்தான் என்று குத்துமதிப்பாக நட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அழுது அழுது அந்த இடம் அவளுடையதாகவே ஆகிவிட்டது அவனுக்கு.

"ஆறாம் நம்பர்ல யாரு கெடந்தாங்கன்னு தெரியும்ல?" என்றாள் பாக்கியம். அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் சொன்னாள். காட்டை வெட்டித் தேயிலை போட்டு மலை திறந்த காலத்தில் பேதி வந்து சாகச் சாக, பிள்ளை கிழவி பார்க்காமல் ஒரே குழியில் தள்ளி, சுண்ணாம்பைக் கொட்டி மூடி, அதற்கு மேலே தேயிலைக் கன்றை நட்டார்களாம். நாலு காசு சம்பாதித்து ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லிக் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்த ஜனங்களாம். மண்ணை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிடும்படி கெஞ்சினாள்.

கொட்டியிருக்கலாம். நல்ல பகல், ஆள் நடமாட்டம் இருந்த நேரம். ஆனால் அவன் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் எல்லாவற்றையுமா கொண்டுபோயிருக்கும்? அவளில் ஒரு சிட்டிகை அந்த மண்ணில் கலந்திருந்தால்? அதையும் கொட்டிவிட்டுக் கோச்சி ஏறினால், கையடித்துச் சொன்ன சொல் என்ன ஆவது? வெறுங்கையோடு போக அவனால் முடியாது. மூட்டையை அப்படியே தொங்கவிட்டான்.

வியாழக்கிழமை மழை விடவே இல்லை. காம்பராவுக்குள் சாமான் எல்லாம் கட்டி முடிந்து, ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும்தான் கிடந்தன. வெற்று அறை. ஆனால் நடக்க இடம் போதவில்லை. அடுப்பிலிருந்து கதவுக்குப் போவதற்குள் தோளில் ஏதோ உரசியது. முழங்காலில் குளிர்ந்த துணி பட்டது. மூட்டைக்கு அடியில் மண் உதிர்ந்து குவிந்திருந்தது. கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டுத் திரும்பினால் முன்னைவிட உயரமாகக் குவிந்திருந்தது. ஒரு பிடி மண் அத்தனை மண்ணை எங்கே வைத்திருந்தது என்று தெரியவில்லை. சுண்ணாம்பு நெடி தொண்டையைக் கரித்தது. சுவரோரமாக ஒரு இருமல். கதவோரமாக இன்னொன்று. பெட்டிக்குப் பின்னால், சின்னதாக, பிள்ளை இருமல்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"லெச்சுமி. நீயும் இருக்கியா?"

இருமல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. மழைச் சத்தம்கூடத் தள்ளிப்போன மாதிரி இருந்தது. அறை நிறைய யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவனோடு சேர்ந்து அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

அவள் இதில் இல்லை. அன்றைக்குத்தான் அவனுக்கு அது உறைத்தது. அழக்கூடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நிலம் தெளிந்தும் தெளியாத நேரத்தில் மூட்டையை உத்திரத்திலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினான். மழை வெறித்திருந்தது. பனி அடர்ந்து, தேயிலைச் செடி எது, குந்தியிருக்கிற ஆள் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலே நடந்தான். கொட்டிவிட்டு ஓடிவர வேண்டும். ஏழு மணிக்குப் பதுளைக்கு லொறி. பாக்கியம் வழியனுப்ப வருவாள்.

கரையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

அடுக்கிய சாக்குகள் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றும் கிழியவில்லை. கட்டிய கயிறும் போட்ட முடிச்சும் அப்படியே. உள்ளே மண் இல்லை. எல்லாச் சாக்கும் தட்டையாக, உள்ளே படுத்திருந்த ஆள் எழுந்துபோன பாய் மாதிரிக் கிடந்தது. மானாப்புல் வேர் தொங்கிக்கொண்டு நின்றது. மூங்கில் முளைகளுக்கு நடுவே ஆறு உள்ளே புகுந்து, மீதி மயானத்தைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. பத்து மாத ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை பேர் முதுகு. ஒரு கூடை மண்கூட மிஞ்சவில்லை.

"ஏங்க."

ஆற்றுக்குள்ளிருந்து. வளைவுக்குக் கீழே, தூரத்தில்.

அவள் குரல்.

தண்ணீருக்குள் கால் வைத்தான். வைத்த கால் அடுத்த அடி எடுக்கவில்லை. கை கீழே இழுத்தது. மூட்டை கனத்தது. கொட்டப் பார்த்தான். விரல் விரியவில்லை. மஞ்சள் துணிக்குள் இருந்து ஐந்து விரல் அவன் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தது. ஈரமாக. கெட்டியாக. பிள்ளை பெரியவர் கையைப் பிடிக்கிற மாதிரி நம்பிக்கையாக.

மேலே ரோட்டில் லொறியின் ஹோர்ன்.

பனிக்குள் குந்தியிருந்தவை எல்லாம் எழுந்தன.

"ஏங்க... ஏங்க..."

அவனைத் திருப்பினார்கள். யாரும் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. தோளுக்குத் தோள் நெருக்கிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் அவன். தலையில் துணி மூட்டை வைத்த பெண்கள். இடுப்பில் பிள்ளைகள். எல்லார் வாயிலும் மண். உதடு மூட முடியாத அளவுக்கு அடைத்த மண். அந்த வாயோடு அவர்கள் சிரித்தார்கள். ஊருக்குப் போகிற சிரிப்பு.

ரோட்டில் பாக்கியம் நின்றாள். கையில் ஒரு சோற்றுப் பொட்டலம், காலடியில் அவன் டிரங்குப் பெட்டி. அவன் தனியாக வருவதைத்தான் அவள் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு பக்கமும் ரோட்டுச் சேற்றில் வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

"மச்சான். அக்கா இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. லொறியில் ஏறினான். டிரைவர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு ஆள்தானே என்று கேட்டுக்கொண்டு முன்னால் போனான்.

அவன் பின்னால் வெற்று லொறி ஒரு பக்கம் தாழ்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது. பலகை கிறீச்சிட்டது. பாக்கியம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே லொறி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, டயர் நசுங்கி, மட்கார்ட் டயரைத் தொட்டது. இன்னும் ஏறினார்கள். உள்ளே மூச்சுவிட இடமில்லை. வீரய்யாவின் கன்னத்தில் ஒரு குளிர்ந்த கன்னம் ஒட்டியிருந்தது. அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு முகமாகத் தேடினான். கீழே ஆற்றில் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லொறி கிளம்பியது. மண் அடைத்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்று கேட்கத் திறந்தன.